பங்குனியில் வேட்டங்குடி போனால் பறவை இருக்குமா?

கேட்டிருப்பது இது: மாசி-பங்குனித் திருவிழாவுக்காக மார்ச் நடுவில் காரைக்குடி வருகிறீர்கள். ஒரு நாள் கையில் மிச்சம் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் போகலாமா? வசந்த காலத்தில்தான் பறவை நிறைய இருக்கும் என்று எங்கோ படித்தது சரியா?

போகலாம். ஆனால் முந்தின நாளே கண்மாயில் தண்ணீர் கிடக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். வசந்தத்தில் பறவை நிறைய இருக்கும் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. அங்கே பனி உருகி, புழு பூச்சி கிளம்பி, அப்புறம்தான் பறவைகள் கூடு கட்டத் தொடங்கும். நம் பக்கம் பங்குனி வெயிலில் தண்ணீர் வற்றிக்கொண்டு போகும். சிவகங்கைச் சீமையில் நீர்ப்பறவைகளுக்கு நல்ல காலம் ஐப்பசியில் பிறந்து மாசியில் முடிகிறது. நீங்கள் வருவது அதன் வால் பகுதிக்கு. அந்த வாலில் என்ன மிஞ்சியிருக்கும் என்பது அந்த வருஷத்து மழையைப் பொறுத்தது.

சரணாலயம் என்ற சொல்லைக் கேட்டுக் காட்டையும் ஜீப்பையும் கற்பனை செய்துகொண்டு வராதீர்கள். வேட்டங்குடி என்பது மூன்று பாசனக் கண்மாய்கள்: பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி. மொத்தமே 38.4 ஹெக்டேர்தான், அதாவது நூறு ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. 1977 ஜூனில் சரணாலயமாக அறிவித்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் அது ஊர்க் கண்மாய்தான். மழைத் தண்ணீர் வரத்துக்காலில் வந்து விழும், நிறைந்தால் கலுங்கு வழியாக வழியும், மடையைத் திறந்தால் வயலுக்குப் போகும். தை அறுவடை முடிந்து, வெயிலும் ஏறி, பங்குனிக்குள் பாதிக் கண்மாய் தரை தட்டிவிடும். விவசாயியின் நாட்காட்டிதான் பறவையின் நாட்காட்டியும்.

ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையில் கண்மாய் நிறைகிறது. உள்ளே நிற்கும் நாட்டுக்கருவேல மரங்களின் அடிமரம் தண்ணீரில் மூழ்கி, தலை மட்டும் வெளியே நிற்கும். நாரைக்கு வேண்டியது அதுதான். சுற்றிலும் தண்ணீர் என்றால் பூனை, கீரி, நாய் எதுவும் எளிதில் மரத்துக்குப் போக முடியாது. மேலே முள் வேறு. கீழேயே மீன், நத்தை, தவளை. மரத்தைத் தேர்ந்தெடுத்துச் சுள்ளி பொறுக்க ஆரம்பித்துவிடும்.

இனி நீங்களே கணக்குப் போடலாம். நத்தைகுத்தி நாரை ஏறத்தாழ 25 நாள் அடைகாக்கும். குஞ்சு பொரித்து ஐந்தாறு வாரத்தில் பறக்கத் தொடங்கும். மஞ்சள்மூக்கு நாரைக்கு இன்னும் நிதானம்: அடைகாக்க ஒரு மாதம், குஞ்சு பறக்க இரண்டு மாதம். டிசம்பர் தொடக்கத்தில் முட்டையிட்டிருந்தால் நத்தைகுத்தி பிப்ரவரி நடுவிலேயே கூட்டைக் காலி செய்துவிடும். மஞ்சள்மூக்கு நாரை மார்ச் முதல் வாரம் வரை இழுக்கும். மழை தாமதமாகி டிசம்பரில்தான் கண்மாய் நிறைந்தது என்றால் நீங்கள் வரும்போதும் கூட்டில் குஞ்சு இருக்கும், பாதி வளர்ந்து இறக்கையை அடித்துப் பார்த்துக்கொண்டு நிற்கும். மழையே பொய்த்த வருஷமாக இருந்தால் அந்தக் கூட்டமே இருக்காது. 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. மழையைத் தவிர வேறு வரத்து இல்லாத கண்மாய்க்கு அப்படிப்பட்ட வருஷத்தில் நாரை வந்து என்ன செய்யும்? அதனால் தேதியைச் சொல்லி "போகலாமா" என்று கேட்பதைவிட, போன தீபாவளிக்குப் பிறகு எத்தனை நல்ல மழை பெய்தது என்று காரைக்குடிச் சொந்தக்காரர்களிடம் கேட்டாலே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

தீபாவளி என்றதும் ஒன்று. கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிக்காரர்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பறவைகள் வந்து மரம் பார்க்கிற நேரமும் தீபாவளியும் ஒன்றாக வருவதுதான் காரணம். வருஷா வருஷம் பத்திரிகைகளில் இது செய்தியாக வரும், வனத்துறை ஊருக்கு இனிப்புக் கொடுக்கும் படமும் வரும். சட்டம் போட்டு நிறுத்தியது இல்லை, ஊர் தானாக வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. பட்டாசுக்கு அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்தியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். கரையில் ஊர்க்காரர் யாராவது வந்து "யாரு, எங்கேயிருந்து வர்றீங்க" என்று விசாரித்தால் முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள். கேட்கிற உரிமை அவர்களுக்கு இருக்கிறது.

வருவதற்கு முன் வலைத்தளங்களில் தேடியிருப்பீர்கள். அங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, எல்லாப் பறவையும் சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறது என்பது. மரத்தில் கூடு கட்டியிருக்கிற நத்தைகுத்தி, மஞ்சள்மூக்கு நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், கொக்கு, வக்கா, பாம்புத்தாரா, நீர்க்காகம் எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். தண்ணீர் இருக்கும் இடமாகப் பார்த்து ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு, ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறிக்கொள்ளும், அவ்வளவுதான். வடக்கே தொலைதூரத்திலிருந்து வருகிறவை ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, கிளுவை, உள்ளான் வகைகள், வாலாட்டிகள். இரண்டாவது தவறு, அந்த ஊசிவால் வாத்தும் இங்கே குஞ்சு பொரிக்கிறது என்று எழுதுவது. பொரிக்காது. அது இங்கே வந்து உண்டு கொழுத்துவிட்டு, பங்குனி வாக்கில் வடக்கே திரும்பி அங்கேதான் கூடு கட்டும். வெளிநாட்டுப் பறவை என்றால்தான் மவுசு என்று நினைத்து எழுதுகிறார்களோ என்னவோ. பக்கத்து மாவட்டத்துக் கண்மாயிலிருந்து வந்த நாரைக்கும் அதே மரியாதையைக் கொடுக்கலாம்.

சரி, போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், தண்ணீரும் கிடக்கிறது. முதலில் நத்தைகுத்தியைத் தேடுங்கள். வெள்ளையும் சாம்பலுமாக உடம்பு, இறக்கை ஓரம் கறுப்பு. அலகை பைனாகுலரில் பாருங்கள். நுனி மூடியிருக்கும், நடுவில் ஓர் இடைவெளி தெரியும், சரியாக மூடாத பாக்குவெட்டி மாதிரி. அதனாலேயே நத்தையை அந்த இடுக்கில் வைத்து நொறுக்குகிறது என்று ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். பொறுமையாக ஒரு பறவையை மட்டும் பின்தொடர்ந்தால் அப்படி இல்லை என்று தெரியும். ஆழமில்லாத தண்ணீரில் அலகால் துழாவிக்கொண்டே நடக்கும். நத்தை தட்டுப்பட்டதும் தலையைத் தண்ணீருக்கு வெளியே எடுக்காமலேயே வேலையைத் தொடங்கிவிடும். மேல் அலகால் ஓட்டைத் தரையோடு அழுத்திப் பிடித்து, கீழ் அலகின் கூர்நுனியை நத்தையின் மூடிக்கும் ஓட்டுக்கும் நடுவில் செருகி, உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் தசையை அறுத்துவிடும். தலையை இரண்டு மூன்று தரம் உதறும். நிமிரும்போது அலகில் சதை மட்டும் தொங்கும், ஓடு தண்ணீரிலேயே கிடக்கும். தண்ணீர் வற்றிய கரையோரத்தில் கிடக்கிற நத்தை ஓடுகளைப் பிள்ளைகளைப் பொறுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் உடையாமல் முழுசாக இருக்கும். இன்னொரு வேடிக்கை: இந்த இடைவெளி குஞ்சுக்குக் கிடையாது. இளம் பறவையின் அலகு ஒழுங்காக மூடும், வளர வளரத்தான் வாய் திறந்துகொள்ளும். மார்ச்சில் கூட்டத்தில் பாதி இளசுகளாக இருக்கும் என்பதால் இரண்டையும் பக்கம் பக்கமாக நிறுத்தி ஒப்பிடலாம்.

மஞ்சள்மூக்கு நாரையை அடையாளம் காண யாரும் சொல்லித்தர வேண்டாம். மஞ்சள் அலகு, செம்மஞ்சள் முகம், முதுகின் கடைசியில் குங்குமம் கரைத்துவிட்ட மாதிரி ரோஸ் நிறம். பெரிய பறவைக்குக் குரல் அநேகமாகக் கிடையாது, அலகைத் தட்டித் தட்டிச் சத்தம் எழுப்பும். நீங்கள் கேட்கிற இரைச்சல் முழுக்கக் குஞ்சுகளுடையது. அது மீன் பிடிப்பதும் பார்க்கத் தக்கது. பாதி திறந்த அலகைத் தண்ணீரில் விட்டு ஒரு காலால் சேற்றைக் கலக்கும். மிரண்டு ஓடுகிற மீன் அலகில் பட்டதும் கவ்விக்கொள்ளும். கண்ணால் தேடிக் கொத்துகிற கொக்குக்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும், இதற்குக் கலங்கிய தண்ணீரே போதும். வற்றுகிற கண்மாயில் இது கடைசி வரை தாக்குப்பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி, மார்ச்சில் மட்டும் கிடைக்கிறவை. இவற்றைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, எல்லாரும் ஜனவரிக் கூட்டத்தைப் படம் பிடிப்பதோடு சரி. தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க ஓரத்தில் சேறு வெளியே வரும், அங்கே உள்ளான்கள் இறங்கும். பொறி உள்ளானும், கைக்கடக்கமான கொசு உள்ளானும், இளஞ்சிவப்புக் குச்சிக்கால்களோடு நெடுங்கால் உள்ளானும் ஓடி ஓடிக் கொத்திக்கொண்டிருக்கும். குளிர்காலம் முழுக்க ஒரே சாம்பல் பழுப்பாகக் கிடந்த சில பறவைகள் ஊருக்குத் திரும்புமுன் நிறம் மாறத் தொடங்கும். கருவால் மூக்கன் கண்ணில் பட்டால் கழுத்தைப் பாருங்கள், செங்கல் நிறம் ஏறியிருக்கும். மஞ்சள் வாலாட்டியும் அப்படித்தான், கார்த்திகையில் மங்கலாகப் பார்த்தவர்களுக்கு மார்ச்சில் அடையாளம் தெரியாது.

காய்ந்த கண்மாய்த் தரையில் ஆள்காட்டி இருக்கும். அது முட்டையிடத் தொடங்குகிற பருவம் இது. கூடு என்று ஒன்றும் கட்டாது, வெறுந்தரையில் சின்னப் பள்ளம், சுற்றிக் கொஞ்சம் கூழாங்கல், உள்ளே நாலு முட்டை. முட்டையும் மண் நிறம்தான், மிதித்த பிறகுதான் தெரியும். தலைக்கு மேலே வட்டமடித்துக் கத்துகிறது என்றால் கூட்டை நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், வந்த வழியே திரும்பிவிடுங்கள். மண்கரைச் சரிவில் விரல் மூன்று நுழைகிற அளவு பொந்து தெரிந்தால் அது பச்சைப் பஞ்சுருட்டான் வேலையாக இருக்கலாம். தள்ளி நின்று பார்த்தால் தட்டானைக் கவ்விக்கொண்டு வந்து கம்பியில் அடித்து, உள்ளே போய்க் கொடுத்துவிட்டு வரும். வெண்மார்பு மீன்கொத்தி மர உச்சியில் உட்கார்ந்து நீட்டிக் கனைப்பதும் இந்த மாதங்களில்தான். உங்கள் கேள்வியில் இருந்த வசந்தம் இதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்: கண்மாயில் நாரைக் குடித்தனம் முடிகிறது, கரையில் சின்னப் பறவைகளின் குடித்தனம் தொடங்குகிறது.

நேரம் ரொம்ப முக்கியம். காலை ஆறிலிருந்து ஒன்பது, மாலை நாலரையிலிருந்து இருட்டும் வரை. நடுவில் வெயிலில் பிள்ளைகளும் வாடும், பறவையும் நிழலில் ஒடுங்கிவிடும். ஒரு விதிவிலக்கு உண்டு. காலை ஒன்பதரை பத்துக்குத் தரை சூடேறிக் காற்று மேலே கிளம்பும்போது நாரைகள் அதில் ஏறி, இறக்கையை அசைக்காமலே வட்டமிட்டு உயரும். கிளம்பும்போது அண்ணாந்து பார்க்க மறக்காதீர்கள். ஒரே வேளைதான் முடியும் என்றால் நான் மாலையைச் சொல்வேன். கொக்குகள் கூட்டம் கூட்டமாக மரத்துக்குத் திரும்புகிற நேரத்தில் வக்காக்கள் சோம்பல் முறித்து இரவு வேட்டைக்குக் கிளம்பும். வீட்டுக்கு வருகிற ஷிப்டும் வேலைக்குப் போகிற ஷிப்டும் ஒரே மரத்தில் மாறுவதைப் பிள்ளைகள் ரசிப்பார்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள், இல்லையென்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும்.

பைனாகுலர் ஒன்றாவது அவசியம். எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். பத்து, பன்னிரண்டு வாங்கினால் பிள்ளைகள் கையில் படம் ஆடிக்கொண்டே இருக்கும். செல்போன் கேமராவில் பறவையைப் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று நம்பி வராதீர்கள். தண்ணீர், தொப்பி, மங்கலான நிறத்தில் உடுப்பு. கொஞ்சம் வீச்சம் இருக்கும், முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப் போங்கள். நூற்றுக்கணக்கில் பறவை எச்சமிடுகிற தண்ணீர், அப்படித்தான் இருக்கும். வயலுக்குப் பாயும்போது அதே தண்ணீர் உரம்.

கரையை விட்டுக் கண்மாய்க்குள் இறங்கவே கூடாது, தண்ணீர் வற்றியிருந்தாலும் சரி. இது வெறும் சம்பிரதாயப் பேச்சு இல்லை. கூட்டுக்குக் கீழே மனிதர் நடமாடினால் தாய்ப்பறவை எழும்பிவிடும். அது எழும்பிய சில நிமிடத்தில் காக்கை முட்டையைக் கொத்தும், பருந்து குஞ்சைத் தூக்கும். அவை வராவிட்டாலும் பங்குனி வெயில் போதும். நாரை ஏன் பகல் பூரா கூட்டின் மேல் இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கிறது என்று நினைக்கிறீர்கள்? குஞ்சுக்கு நிழல் கொடுக்கத்தான். செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடுவது, கல் எறிந்து பறக்கவிட்டுப் படமெடுப்பது, ட்ரோன் விடுவது எல்லாம் அதே கணக்குதான். அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் ட்ரோன் விட்டால் வனத்துறை நடவடிக்கை எடுக்கும்.

வழி: காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் தாண்டி மதுரை சாலையில் போக வேண்டும். மதுரையிலிருந்து வந்தால் 51 கி.மீ. மேப்பில் வெறும் திருப்பத்தூர் என்று போட்டால் வாணியம்பாடிப் பக்கம் இருக்கிற திருப்பத்தூருக்கு வழி காட்டும். 2019-ல் அது தனி மாவட்டமாகவும் ஆகிவிட்டதால் குழப்பம் கூடிவிட்டது. சிவகங்கை மாவட்டம் என்று சேர்த்துப் போடுங்கள். வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, "அண்ணே, கொள்ளுக்குடிப்பட்டிக் கம்மாயில தண்ணி கெடக்கா?" என்று கேட்டுவிட்டால் மேப்பைவிட நம்பகமான தகவல் கிடைக்கும்.

"வத்திப்போச்சு" என்று பதில் வந்தால் நாளை வீணாக்க வேண்டாம். அப்போது பறவை பார்க்க வேண்டிய இடம் சரணாலயம் இல்லை, முழங்கால் தண்ணீரில் வற்றிக்கொண்டிருக்கிற ஏதாவதொரு ஊர்க் கண்மாய். திருப்பத்தூர், சிங்கம்புணரிப் பக்கம் மாசிக்கு மேல் மீன்பிடித் திருவிழா தொடங்கிவிடும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவும் (மீனைக் கவிழ்த்துப் பிடிக்கிற கூடை) வலையுமாக ஜனம் மொத்தமாகக் கண்மாய்க்குள் இறங்கும். அந்தக் கூச்சல் அடங்கிய மறுநாள் காலையில் அதே கண்மாய்க்குப் போய்ப் பாருங்கள். கலங்கிய குட்டைகளில் தப்பிப் பிழைத்த பொடிமீனுக்காகக் கொக்கும் நாரையும் அரிவாள்மூக்கனும் கரண்டிவாயனும் இறங்கியிருக்கும், பருந்து மேலே வட்டமிடும். எந்த ஊரில் எப்போது என்று அறிவிப்பெல்லாம் வராது, டீக்கடையில்தான் தெரியும்.

இன்னும் தூரம் போகத் தயார் என்றால் கடற்கரைப் பக்கம் திரும்புங்கள். கண்மாய் மழையை நம்பியது, கடலோரச் சேற்றுக்கு அந்தக் கவலை இல்லை. தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் அலையாத்திக்காடு இருக்கிறது, வனத்துறை ஏற்பாட்டில் படகில் கூட்டிப் போகிறார்கள். ஏப்ரல் வரை உள்ளான்களும் ஆலாக்களும் இருக்கும். ராமநாதபுரம் மாவட்டத்துச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இரண்டும் 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த பெயர் பெற்ற இடங்கள். ஆனால் அவையும் மழைக் கண்மாய்கள்தான், வேட்டங்குடி வற்றியிருந்தால் அங்கேயும் அதே கதையாக இருக்க வாய்ப்பு அதிகம். பெயரைப் பார்த்து அவ்வளவு தூரம் ஓட வேண்டாம்.

ஊரை விட்டே நகர முடியாது என்றாலும் ஒன்று இருக்கிறது. நீங்கள் தங்குவது பழைய செட்டிநாட்டு வீடாக இருந்தால், இருட்டியதும் பின்கட்டுப் பக்கம் வந்து நில்லுங்கள். பூட்டிக் கிடக்கிற பக்கத்து வீட்டு மாடியில் கூகை குடியிருக்க நிறையவே வாய்ப்புண்டு. வெள்ளை முகம், சத்தமில்லாத பறத்தல், கரகரவென்று ஒரு கத்தல். ஆச்சிமார்கள் அபசகுனம் என்று விரட்டச் சொல்லுவார்கள். ராத்திரி பூரா வீட்டைச் சுற்றி எலி பிடிக்கிற பறவை அது என்று எடுத்துச் சொல்லுங்கள்.